நாலு சுத்து, கொஞ்சம் எச்சில்

தப்பிப் போன மீன் எப்பவுமே பெருசாத்தான் இருக்கும், அதனால அதோட சைஸை விட்டுடறேன். திரும்பி வந்த நரம்பைப் பத்தித்தான் இந்தப் புலம்பல்.

2023 நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. செம்பூர்லேர்ந்து விடிய முன்னாடியே கிளம்பி ராய்கட் மாவட்டத்துல பேண் பக்கம் ஒரு கழிக்குப் போயிருந்தோம். உப்புத் தண்ணி வயலுக்குள்ள ஏறாம இருக்கக் கரை போட்டு நடுவுல மதகு வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி ஒரு இடம். தண்ணி வத்த ஆரம்பிக்கும்போது மதகு வாயில சின்ன மீனெல்லாம் வெளிய வரும். அதைத் தின்ன கொடுவா வந்து நிக்கும். நம்ம ஊர் கொடுவாவை இங்க 'ஜிதாடா'ன்னு சொல்றாங்க. ராய்கட்காரங்களுக்கு அது மாப்பிள்ளை விருந்து மீன். நானும் அப்பாவும் ஜூனியரும் (பத்தாங்கிளாஸ், அதனால தங்கமணிகிட்ட ஸ்பெஷல் பர்மிஷன்) போயிருந்தோம்.

ஏழு மணி வாக்குல என் லூரை ஒண்ணு அடிச்சது. ராடு வளைஞ்சது, ரீல் கத்திச்சு, மீன் ஒரு தடவை தண்ணிக்கு மேல எழும்பித் தலையை உதறுச்சு. அடுத்த நொடி ராடு நிமிர்ந்து போச்சு. சுத்தி இழுத்தா நரம்பு மட்டும் வருது. லூரும் இல்லை, மீனும் இல்லை.

நான் வழக்கம்போல "பல்லுல அறுத்துடுச்சு"ன்னேன். அப்பா நரம்போட நுனியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்தார். நுனி பன்னி வால் மாதிரி சுருண்டு சுருண்டு இருந்தது.

"ஏல, இது அந்து போகல. வழுக்கிட்டுப் போயிருக்கு. என்ன முடிச்சு போட்ட?"

நான் பதில் சொல்லலை. அவரே சொன்னார். "மீனு போனா போவட்டும். அது வாயில பூட்டப் போட்டுல்லா அனுப்பிருக்க."

அந்த லூர்ல ரெண்டு ட்ரெபிள் கொக்கி. நங்கூரம் மாதிரி மூணு மூணு முனை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து மாட்டியிருந்தா அந்த மீன் வாயைத் திறக்கவே முடியாது. என் முடிச்சு நின்னிருந்தா கரைக்குக் கொண்டுவந்து கொக்கியைக் கழட்டி விட்டிருப்பேன், இல்லைன்னா குழம்பு வச்சிருப்பேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் கணக்கு முடிஞ்சிருக்கும். இது முடியாத கணக்கு. பேங்க்ல இருபது வருஷமா உக்காந்திருக்கேன், டாலி ஆகாத கணக்கு ராத்திரி தூங்க விடாதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கும் விடலை.

நரம்பு நுனியைப் படிக்கிறது ஒரு வித்தை. முதல்ல அதைச் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். சுருண்டு வந்தா முடிச்சு வழுக்கியிருக்கு, தப்பு கட்டினவன் மேல. பஞ்சு பஞ்சா பிரிஞ்சு வந்தா பாறையிலயோ சிப்பியிலயோ உரசியிருக்கு. பிளேடு போட்ட மாதிரி நறுக்குனு வந்தா பல்லோ செவுள் ஓரமோ பட்டிருக்கு. கொடுவாவுக்கு வெட்டுற பல் கிடையாது, வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், ஆனா செவுள் மூடியோட விளிம்பு கத்தி. நான் பல்லு மேல பழி போட்டதும் அப்பா சிரிக்காம விட்டது அவரோட பெருந்தன்மை.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன்.

எனக்குத் தூண்டில் போடக் கத்துக்குடுத்தது அப்பாதான். திருநெல்வேலி குறுக்குத்துறை, தாமிரபரணி. மூங்கில் குச்சி, மயிலிறகுத் தண்டுல மிதப்பு, மண்புழு, டப்பா ஓரத்துல கடிச்சு வச்ச ஈயத்துண்டு. கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தா விரால். அப்ப வாங்கின தூண்டில் முள்ளுக்குக் காதே கிடையாது. தண்டோட தலையைத் தட்டித் தட்டையாக்கி விட்டிருப்பாங்க. நரம்பை (தூத்துக்குடி சித்தப்பா அதைத் தங்கூஸ்னுதான் சொல்வார்) தண்டு மேல வரிசையா சுத்தி இறுக்கணும். அந்தத் தட்டைத் தலை அது நழுவாம பிடிச்சுக்கும். ஒரே ஒரு கட்டு. அதுதான் எனக்குத் தெரியும். அது போதும்னும் நினைச்சேன்.

லூர்னு ஒண்ணு கைக்கு வந்தப்பத்தான் பிரச்சினை. லூர்ல தண்டு இல்லை, மூக்குல ஒரு வளையம் இருக்கு. அப்பா கட்டு அங்க செல்லாது. கடைக்காரர் கட்டிக் காமிச்ச கிளிஞ்ச் முடிச்சைப் பிடிச்சுக்கிட்டேன். வளையத்துல நுழை, நரம்பு மேலயே அஞ்சாறு சுத்து சுத்து, வளையத்துக்குப் பக்கத்துல இருக்கிற சந்துல நுழைச்சு இழு. நைலான் நரம்புக்கு அது நல்ல முடிச்சுதான், குறை சொல்லக்கூடாது. நான் செஞ்ச தப்பு, நைலானை விட்டு பிரெய்டுக்கு மாறினப்புறமும் அதே முடிச்சைக் கட்டினது. பிரெய்டுங்கறது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னின நூல். அதே தடிமன்ல நைலானை விட ரொம்ப பலம், இழுத்தா நீளாது, ஆனா எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். சாதாரண கிளிஞ்ச் அதுல பிடிச்சு நிக்கறது கஷ்டம். மீன் தலையை உதற உதற ஒவ்வொரு சுத்தா நழுவி விட்டிருக்கு.

அன்னிக்கு சாயங்காலம் பால்கனியில பரீட்சை வச்சோம். துணி காயப்போடற கம்பியில நரம்பு, கீழ பக்கெட். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, மக் மக்கா ஊத்தினா எவ்வளவு எடைன்னு தெரிஞ்சுடும் (காமர்ஸ் படிச்சவனுக்கு இவ்வளவு ஃபிசிக்ஸ் வந்ததே பெரிசு). என் பிரெய்டு 20 பவுண்டு, அதாவது 9 கிலோ தாங்கணும். கிளிஞ்ச் போட்டதுல பாதி பக்கெட்டுக்கே நழுவ ஆரம்பிச்சுது. பாலோமர் போட்டதுல அசையலை. தங்கமணி வந்து பார்த்தா. "பாத்ரூம் பக்கெட்டா அது?" அதோட பரீட்சை முடிஞ்சது.

பாலோமர் ரொம்ப சுலபம். நரம்பை ரெண்டா மடிச்சு வளையத்துல நுழைச்சு, மடிச்சதை வச்சே சாதாரணமா ஒரு முடிச்சு போட்டு, கடைசியில வர்ற வளையத்துக்குள்ள லூர் முழுசையும் நுழைச்சு எடுத்து இறுக்கணும். ஒத்தைக் கொக்கி வச்ச தவளை, ரப்பர் மீன், இதுக்கெல்லாம் அதுவே ராஜா. ஆனா ரெண்டு ட்ரெபிள் வச்ச லூரை அந்த வளையத்துக்குள்ள நுழைச்சுப் பாருங்க. ஆறு முனையும் ஆறு திசையில மாட்டும், ஒண்ணு உங்க விரல்லயும்.

சரி, முடிச்சு நின்னா மட்டும் போதுமா? எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது இதுதான்.

மண்புழுவுக்கு வாசனை இருக்கு, நெளியும். முள்ளுல குத்தித் தண்ணியில விட்டுட்டு நீங்க பீடி பத்த வைக்கலாம், மீன் தேடி வரும். லூர் மரக்கட்டை இல்லைன்னா பிளாஸ்டிக். அது மீன் மாதிரி இருக்கறது ஆடும்போது மட்டும்தான். ஆட்டம் நின்னா செத்த கட்டை. அந்த ஆட்டத்தை விடறதும் தடுக்கறதும் மூக்கு வளையத்துல நாம போடற கட்டு. தூண்டில் முள்ளைக் கட்டும்போது எவ்வளவு இறுக்கம் முடியுமோ அவ்வளவு இறுக்கணும்னு தாமிரபரணியில படிச்ச பாடத்தை இங்க பாதி மறக்கணும்.

ஃபின்லாந்துல லாரி ராப்பாலான்னு ஒரு மீனவர் இருந்தார். ஏரியில படகுல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். பெரிய மீன் ஒரு கூட்டத்துக்குள்ள பாயும்போது, நொண்டி நொண்டி நீந்துற மீனாப் பார்த்துத்தான் பிடிக்குதுன்னு கவனிச்சார். 1936ல தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுத்தி வர்ற ஜிகினாத் தாளை ஒட்டி, உருக்கின ஃபோட்டோ ஃபிலிம் நெகட்டிவை மேல பூசி, அந்த நொண்டி மீனைச் செஞ்சார். 1962ல அமெரிக்காவுல லைஃப் பத்திரிகை அவரைப் பத்தி எழுதுச்சு. மர்லின் மன்றோ அட்டைப்படம் போட்ட அந்த இதழ் வித்த வித்துல ராப்பாலாவுக்கு ஆர்டர் குவிஞ்சுது. எதுக்கு இந்தக் கதைன்னா, அந்தக் கம்பெனியே அந்த லூரை இறுக்கிக் கட்டாதீங்க, வளையம் விட்டுக் கட்டுங்கன்னு சொல்லும். அவங்க பேர்லயே ஒரு முடிச்சு இருக்கு. மூக்கைக் கட்டிப்போட்டா நொண்ட முடியாது.

காரணமும் சாதாரணம்தான். கொடுவாவுக்கு பிரெய்டு முன்னாடி 40 பவுண்டு தடிமனான நைலான் ஒரு கஜம் சேர்ப்போம், லீடர்னு பேர். (பிரெய்டையும் லீடரையும் சேர்க்கறது தனிக் கதை. எனக்கு டபுள் யூனி போதும். ஜூனியர் எஃப்ஜின்னு ஒண்ணைப் பின்னுவான், ஜடை மாதிரி.) தடிச்ச நைலானை மூக்கு வளையத்துல இறுக்கினா அது குச்சி மாதிரி விறைச்சு நிக்கும். லூரோட தலை ஆட இடம் இருக்காது. முடிச்சு ஒரு ஓரமா நகர்ந்தா லூர் ஒருபக்கமா சாஞ்சு ஓடும். அதே இடத்துல சின்னதா ஒரு லூப் விட்டா, தலை தன் இஷ்டத்துக்கு ஆடும்.

நான் இப்ப கட்டற லூப் இது. நுனியிலேர்ந்து ஒரு ஜாண் தள்ளி ஒரு சாதா முடிச்சு, இறுக்காம. நுனியை லூர் வளையத்துல நுழைச்சு, அந்த சாதா முடிச்சுக்குள்ள வெளிய வந்த பக்கமாவே திருப்பி நுழைக்கணும். அப்புறம் மெயின் நரம்பு மேல நாலு சுத்து. திரும்ப அதே முடிச்சுக்குள்ள, அதே பக்கமா. இறுக்கணும். 40 பவுண்டுக்கு நாலு சுத்து. நரம்பு மெலிஞ்சா சுத்து கூடும், தடிச்சா குறையும். சாதா முடிச்சு வளையத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ, அவ்வளவு சின்ன லூப். சுண்டுவிரல் நகம் அளவு போதும். "கழுத்துல மூணு முடிச்சு போட எவ்வளவு நேரமாச்சு, இதுக்குப் போய் அரைமணியா?"ன்னு தங்கமணி கேட்டா. அன்னிக்கு நாதஸ்வரக்காரர் அவசரப்படுத்தினார், என் தப்பு இல்லை :-)

இறுக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் வேக வேகமா இழுத்ததைப் பார்த்து அப்பா கையைப் பிடிச்சுட்டார்.

"நாரை நனைக்காம பூ கட்டுவாளா ஒங்கம்மா?"

அம்மா வாழைநாரைக் கிண்ணத்துத் தண்ணியில போட்டு வச்சுத்தான் பிச்சிப்பூ கட்டுவா. மாட்டுங்கா கோயில் வாசல்ல பூக்காரங்க கிட்ட அந்த ஈர நார்க் கட்டை இப்பவும் பார்க்கலாம். நாரை நனைக்கிறது அது முறியாம வளையறதுக்கு. நைலானை நனைக்கிறது வேற காரணத்துக்கு. காஞ்ச நைலான் ஒண்ணு மேல ஒண்ணு உரசி இறுகும்போது சூடாகும், அந்தச் சூட்டுல நரம்பு அந்த இடத்துல பலம் இழக்கும். வாயில வச்சு எச்சில் பண்ணி, மெதுவா இழுத்தா சுத்தெல்லாம் வரிசையா உக்காரும். அப்பாவுக்கு அந்தக் காரணம் தெரியாது. நனைக்கணும்னு தெரியும். அம்மா போய் அப்ப எட்டு மாசம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாசத்துல அவர் அம்மா பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் எச்சில் பண்ணி, மெதுவா இழுத்தேன்.

இனிமே எங்க இறுக்கிக் கட்டணும்னும் சொல்லிடறேன். விராலுக்குத் தாமரை, ஆகாயத்தாமரை மேல தவளை லூரை இழுக்கும்போது லூப் விட்டா பாசி எல்லாம் அதுல சிக்கும், அங்க பாலோமரை இறுக்குங்க. மூக்குல ஏற்கனவே சாவிக்கொத்து வளையம் மாதிரி ஒண்ணு மாட்டி வந்த லூருக்கு லூப் தேவையில்லை, ஆட்டத்தை அந்த வளையமே குடுக்கும். ஆனா அந்த வளையத்தோட ரெண்டு சுத்து சேர்ற இடுக்குல முடிச்சு போய் உக்காராம பார்த்துக்கணும், நரம்பை அது மெல்லும். ஸ்பூன் மாதிரி சுழல்றதுக்கு ஸ்விவல் வேணும், இல்லைன்னா பத்து வீச்சுல நரம்பு முறுக்கிக்கிட்டு இடியாப்பம் ஆகிடும். வஞ்சிரம், சீலா மாதிரி பல்லுள்ள மீன்னா முடிச்சு சாமர்த்தியமெல்லாம் எடுபடாது, கம்பி லீடர்தான்.

இனி ஸ்னாப். ஊக்கு மாதிரி திறந்து மூடற ஒரு குட்டிக் கம்பி. லீடர் நுனியில அதை ஒரு தடவை கட்டிட்டா, அப்புறம் லூரை மாத்தறது சட்டை பட்டன் போடற மாதிரி. ஜூனியர் ஆரம்பத்துலேர்ந்து ஸ்னாப் கட்சி. நான் எதிர்க்கட்சி. முடிச்சு போடத் தெரியாதவன் ஊக்கு குத்தறான்னு கிண்டல் பண்ணுவேன். அவன் சொன்ன நியாயத்தையும் எழுதணும். "அப்பா, நீ ஒரு லூர் மாத்தறதுக்குள்ள நான் மூணு மாத்திடறேன். நீ சோம்பேறித்தனப்பட்டு மாத்தாமலே வீசிக்கிட்டு இருக்க." உண்மை. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் லீடர் ஒரு ஜாண் குறையும், கை வலிக்கும், அதனால எடுபடாத லூரையே மதியம் வரைக்கும் வீசின நாள் நிறைய.

என் பக்கத்துலயும் நியாயம் இருந்தது. சின்ன லூருக்குப் பெரிய ஸ்னாப் மாட்டினா மூக்கு கனத்துத் தலை கவிழும், மேல மிதந்து போற லூர் சுத்தமா கெட்டுப் போகும். மலிவு ஸ்னாப் பெரிய மீன் இழுப்புல வாயைப் பொளந்துடும். அப்ப ஒரு பூட்டுக்குப் பதிலா வேற ஒரு பூட்டு. நுனி கூராக இல்லாம உருண்டையா வளைஞ்ச, நல்லா கொக்கி போட்டு மூடற ஸ்னாப்பா இருந்தா தலை ஆட லூப் மாதிரியே இடம் கிடைக்கும்.

வழக்கு இப்படியே இழுத்துக்கிட்டு இருந்தது. தீர்ப்பு வேற இடத்துலேர்ந்து வந்தது.

டிசம்பர்ல மறுபடி பேண் போனோம். வழியில அப்பா லூரை மாத்தணும்னார். நான் லூப் கட்டற விதத்தைச் சொல்லிக் குடுத்திருந்தேன், வீட்டுல பார்த்தார், தலையாட்டினார். கரையில உக்காந்து அவரே கட்ட ஆரம்பிச்சார். நான் என் ராடைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தா, நரம்பு நுனி வளையத்தைச் சுத்தி நடுங்கிக்கிட்டே இருக்கு. நுழையலை. நாக்குல தொட்டு மறுபடி. நுழையலை. காதில்லாத முள்ளுல இருட்டுல கட்டின கை.

நான் எழுந்து போறதுக்குள்ள ராடைக் கரையில சாய்ச்சு வச்சுட்டார். "எனக்கு வேண்டாம்ல. நீங்க போடுங்க. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்." அவர் கை நடுங்குறதை நான் சாப்பாட்டுத் தட்டுல பார்த்திருக்கேன். காபி டம்ளர்ல பார்த்திருக்கேன். என்னன்னு கேட்கலை. அவரும் சொல்லலை. நான் கட்டித் தரேன்னேன், தலையாட்டிட்டார். அடுத்தவன் கட்டின முடிச்சுல மீன் பிடிக்கிற ஆள் அவர் இல்லை.

ஜனவரியில நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம், மாத்திரை ஆரம்பிச்சது. அது இங்க வேண்டாம்.

இந்த இடைவெளியில ஜூனியர் ஒரு வேலை பார்த்தான். தாராவி 90 அடி ரோட்டுல தோல் பை தைக்கிற நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட துண்டுத் தோல் வாங்கி, சுருட்டி வைக்கிற மாதிரி ஒரு பை தைச்சு வாங்கிட்டான். உள்ள ஆறு லீடர், எல்லாம் வீட்டுல வெளிச்சத்துல கட்டினது, ஒவ்வொண்ணு நுனியிலயும் ஸ்னாப். என்னோட கிண்டலுக்குப் பயந்து வாங்கற குட்டி ஸ்னாப் இல்லை, ரெண்டு சைஸ் பெருசு, விரலால பிடிக்க முடியற மாதிரி. அவ்வளவு பெருசு மிதக்கற லூரைக் கெடுத்துடும்னு நான் வாயைத் திறந்தேன். அவன் அதையும் யோசிச்சிருந்தான். தாத்தா டப்பாவுல மிதக்கறதே இல்லை, எல்லாம் மூழ்கற கனமான லூர், ரப்பர் மீன். அந்தக் கனத்துக்கு முன்னாடி ஸ்னாப் கனம் கணக்குலயே வராது. ட்ரெபிளையெல்லாம் கழட்டிட்டு ஒத்தைக் கொக்கி மாட்டி, முனைக்குப் பின்னாடி இருக்கிற சின்ன எதிர்முள்ளையும் குறடால அமுக்கி விட்டிருந்தான். நழுவிப் போனாலும் மீன் தானா உதறிடும்.

"தாத்தா, இது பழகறதுக்கு. பெருசா இருக்கு, நீங்களே மாட்டிக்கலாம்"னு குடுத்தான்.

அப்பா ஸ்னாப்பைப் பார்க்கவே இல்லை. லீடரை எடுத்து, ஸ்னாப்புக்கு மேல இருக்கிற முடிச்சைக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்தார். ரெண்டு கையிலயும் சுத்திக்கிட்டு ஒரு இழு இழுத்தார். கை நடுங்குச்சு, முடிச்சு அசையலை.

"எத்தனை சுத்துய்யா?"

"இது கிளிஞ்ச், தாத்தா. நைலான்தானே, வழுக்காது. அஞ்சு சுத்து."

"நனைச்சியா?"

"நனைச்சேன்."

லூரை எடுத்தார். முதல் தடவை தவறுச்சு, ரெண்டாவது தடவை டிக்குனு சத்தம் கேட்டது. கழட்டினார். மறுபடி மாட்டினார். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் ஹால்ல அந்த டிக், டிக் கேட்டுக்கிட்டே இருந்தது. தங்கமணி ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம டிவி சத்தத்தைக் குறைச்சா.

இப்ப மாசம் ஒரு தடவை போறோம். என் லூப்பை நான் விடலை. ஆனா என் பையிலயும் நாலு ஸ்னாப் கிடக்கு. கிளம்பற அன்னிக்குக் காலையில அப்பா மூணு பேர் ராடையும் வரிசையா வச்சு ஒவ்வொரு முடிச்சா இழுத்துப் பார்ப்பார். போன தடவை என்னோடதை இழுத்துட்டு ஒண்ணும் பேசாம கத்தரியை எடுத்து வெட்டிப் போட்டுட்டார். உலர்ந்து இறுக்கினதாம். எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ. ஆனா உண்மையில அன்னிக்கு அவசரத்துல எச்சில் பண்ண மறந்திருந்தேன்.